நெற்றியில் எழுதிய குற்றம்

புக்கிட் தீமா சாலை 1845ஆம் ஆண்டில் கிராஞ்சி வரை நீண்டது. காட்டை வெட்டி அந்தச் சாலையை அமைத்தவர்கள், இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள். 1825 முதல் 1873 வரை இந்தியக் கைதிகள் சிங்கப்பூரில் இருந்தனர். செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவர்கள் கட்டியதே.

அவர்களுள் சிலர் தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டினர். வெயிலுக்குப் பயந்து அன்று. அக்காலத்தில் இந்தியாவில், ஆயுள் தண்டனை பெற்றவரின் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் பச்சை குத்தினார்கள். தப்பி ஓடினால் எளிதில் பிடித்துவிடலாம் அல்லவா? 1849இல் இந்தக் கொடிய வழக்கம் ஒழிந்தது. ஆனால், குத்திய பச்சை அழியுமா? விடுதலை பெற்று, மாட்டுவண்டி ஓட்டிப் பிழைக்க வந்தவரையும் அவர் நெற்றியே காட்டிக்கொடுத்தது.

இதற்குள் புகைப்படக் கலை வளர்ந்துவிட்டது. பெல்ஜியத்தில் 1840களிலேயே கைதிகளைப் படமெடுத்தனர். சிங்கப்பூரில், பிராஸ் பாசா சிறையின் கண்காணிப்பாளர் மெக்நேர் புகைப்படக் கலையில் ஆர்வம் உள்ளவர். அவர் காலத்தில் கைதிகள் சிலரே அக்கலையைக் கற்றுக்கொண்டனர். இனி அடையாளத்தை உடலில் குத்த வேண்டியதில்லை; தாளில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால், படம் மட்டும் போதவில்லை. தாடி வளர்த்தால் முகம் மாறிவிடும். பெயரையும் மாற்றிச் சொன்னால், ஆயிரக்கணக்கான படங்களுக்குள் ஒருவரை எப்படித் தேடுவது? பாரிஸ் காவல்துறையில் எழுத்தராக இருந்த அல்போன்ஸ் பெர்த்தியோன் இதற்கு வழி கண்டார். உயரம், தலையின் அகலம், பாதத்தின் நீளம் என 11 அளவுகளை எடுத்து, அவற்றின்படி அட்டைகளை அடுக்கினார். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படங்கள் எடுக்கும் முறையையும் 1880களில் நிலைப்படுத்தினார். பக்கவாட்டுப் படம் எதற்கு? காதுக்காகத்தான்! காதின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடும். தாடியைப் போல அதை மாற்றிக்கொள்ளவும் முடியாது.

அளவெடுப்பவர் கை சற்றுப் பிசகினாலும் கணக்கு தவறிவிடும். ஆகவே, 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியக் காவல் அதிகாரிகள் பெரும்பங்கு வகித்தனர். எனினும், அம்முறைக்கு அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரே நிலைத்தது.

இன்று, குற்றம் எதுவும் செய்யாதவர்களும் படமும் ரேகையும் கொடுக்கிறார்கள். சிங்கப்பூரில் மாணவர்கள் 15 வயதில் பெறும் அடையாள அட்டையில் அவை இரண்டும் இருக்கும்.