ஹார்மோன் கருத்தடையும் மாற்று முறைகளும்

ஹார்மோன் கருத்தடை என்பது, பெண்ணின் உடலில் இயல்பாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகியவற்றைப் போன்ற செயற்கை மருந்துகளைக் கொண்டு கருத்தரிப்பைத் தடுக்கும் முறையாகும். மாத்திரை, ஊசி, கருப்பைக்குள் வைக்கும் சாதனம் எனப் பல வடிவங்களில் இது கிடைக்கிறது. தமிழ்நாட்டில் இதைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். இந்திய அளவில் இது 37.9 விழுக்காடு. மாத்திரையும் ஊசியும் சேர்ந்து தமிழ்நாட்டில் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

இந்த எண்களுக்குப் பின்னால் பல வீடுகளில் நிகழும் ஒரு கதை இருக்கிறது. முதல் குழந்தை பிறந்தபின் மாத்திரையோ ஊசியோ தொடங்கப்படும். உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சில மாதங்களில் நிறுத்தப்படும். அடுத்த குழந்தை பிறந்ததும் ‘ஆபரேஷன்’ முடிந்துவிடும். ஹார்மோனுக்கும் அறுவை சிகிச்சைக்கும் நடுவில் இருக்கும் வழிகள் பெரும்பாலும் பேசப்படுவதே இல்லை.

செயல்படும் விதம்

அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரப்படும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். 21 மாத்திரைகளில் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி., எத்தினைல் ஈஸ்ட்ரடையால் 0.03 மி.கி. ஆகிய இரு ஹார்மோன்களும், மீதி 7 மாத்திரைகளில் இரும்புச் சத்தும் உள்ளன. இவை மாதந்தோறும் சினைமுட்டை வெளிப்படுவதை நிறுத்துகின்றன. கருப்பை வாயின் சளியைக் கெட்டியாக்கி விந்தணு உள்ளே செல்வதைத் தடுக்கின்றன. தினமும் தவறாமல் எடுத்தால் தோல்வி மிகக் குறைவு. ஆனால் மறதி, ஊருக்குப் போவது, மாத்திரை தீர்ந்துபோவது எல்லாம் கலந்த நடைமுறை வாழ்க்கையில் ஆண்டுக்கு 100 பேரில் சுமார் 7 முதல் 9 பேர் கருத்தரிக்கின்றனர்.

அந்தரா என்ற பெயரில் வழங்கப்படும் ஊசி, மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடப்படும் 150 மி.கி. மெட்ராக்சி புரோஜெஸ்டிரோன் மருந்து. இது 2017 முதல் அரசுத் திட்டத்தில் உள்ளது. இதற்கு முன்னால் நீண்ட சர்ச்சை ஒன்று உண்டு. நெட்-என் என்ற மற்றொரு கருத்தடை ஊசியின் சோதனையை எதிர்த்து ஐதராபாத்தைச் சேர்ந்த ஸ்திரீ சக்தி சங்கடனா உள்ளிட்டோர் 1986இல் உச்ச நீதிமன்றம் சென்றனர். முழு விவரம் சொல்லாமல் ஏழைப் பெண்களுக்கு ஊசி போடப்படும் என்ற அச்சமே அவர்களது எதிர்ப்பின் மையம். அந்த அச்சம் இன்றும் பொருளற்றுப் போய்விடவில்லை.

பெண்கள் சொல்லும் குறைகள்

‘மாத்திரை உடம்புக்குச் சூடு’ என்ற ஒரே சொல்லில் தமிழ்ப் பெண்கள் பல தொல்லைகளை அடக்கிவிடுகிறார்கள். ஒழுங்கற்ற உதிரப்போக்கு, குமட்டல், தலைவலி, மார்பக வலி, முகத்தில் மங்கு, எரிச்சல், சோர்வு, உடலுறவில் நாட்டமின்மை ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இவற்றுள் பல, மருத்துவ நூல்களிலேயே பக்க விளைவுகளாகக் குறிப்பிடப்பட்டவை. எனவே ‘எல்லாம் மனப்பிரமை’ என்று ஒதுக்குவது தவறு.

பெண்கள் நிறுத்துவதற்கு முதன்மையான காரணம் உதிரப்போக்கு. ஹார்மோன் மருந்தால் கருப்பையின் உட்சுவர் மெல்லியதாகிறது. மெல்லிய சுவர் நிலையாக நிற்காமல் அவ்வப்போது உதிர்வதால் துளித்துளியாக இரத்தம் படுகிறது. மாத்திரையில் இது பெரும்பாலும் மூன்று மாதங்களில் அடங்கிவிடும். ஊசியில் முதலில் ஒழுங்கற்ற போக்கும், பின்னர் பலருக்கு மாதவிலக்கே வராத நிலையும் ஏற்படும். மருத்துவ நோக்கில் இது ஆபத்தானதன்று. ஆனால் ஒரு பெண்ணின் அன்றாடத்தில் அது என்ன செய்யும் என்பது வேறு கேள்வி.

திருச்சி காந்தி மார்க்கெட்டில் காய்கறி விற்கும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளலாம். லாரிகள் இரவில் சரக்கு இறக்குகின்றன. மொத்த வியாபாரம் விடியுமுன் சூடுபிடிக்கிறது. சில்லறைக்காரர்கள் அதன்பின் பகல் முழுவதும் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘தினமும் இரவு படுக்கப் போகும்போது ஒரு மாத்திரை’ என்ற அறிவுரை, படுக்கும் நேரமே நாளுக்கு நாள் மாறுபவருக்குப் பொருந்தாது. எப்போது படும் என்று தெரியாத உதிரப்போக்கோடு, கடையை விட்டு எழுந்தால் வியாபாரம் போய்விடும் இடத்தில் பத்து மணி நேரம் உட்காருவதும் எளிதன்று. வீட்டில் பூசை அறைக்கும் கோவிலுக்கும் போகத் தடையுள்ள குடும்பம் என்றால், மாதத்தில் மூன்று நாள் என்பது பதினைந்து நாளாகிவிடும். ‘லேசான பக்க விளைவு’ என்று துண்டுச்சீட்டில் அச்சிடப்பட்டிருப்பது அவருக்கு லேசானதல்ல.

மனநிலை பற்றிய குறை நெடுங்காலம் கவனிக்கப்படாமல் இருந்தது. டென்மார்க்கில் 15 முதல் 34 வயதுள்ள பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு, ஹார்மோன் கருத்தடை எடுப்போரிடம் மனச்சோர்வு மருந்துப் பயன்பாடு சற்றுக் கூடுதலாக இருப்பதாகவும், பதின்ம வயதினரிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிவதாகவும் கூறியது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. உடல் எடையைப் பொறுத்தவரை, கலப்பு மாத்திரைகளால் எடை கூடுகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. ஊசியால் சிலருக்குக் கூடுகிறது. ஊசியை நிறுத்தியபின் மீண்டும் கருத்தரிக்க, கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதங்கள் ஆகலாம். மாத்திரை பிடிக்கவில்லை என்றால் நாளையே நிறுத்தலாம். போட்ட ஊசியை வெளியே எடுக்க முடியாது. ஊசி போடுமுன் சொல்லப்பட வேண்டிய செய்தி இது.

சிலர் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையை எடுக்கவே கூடாது: உயர் இரத்த அழுத்தம், இரத்தக் கட்டி ஏற்பட்ட வரலாறு, கண்ணில் ஒளி தெறிக்கும் ஒற்றைத் தலைவலி ஆகியவை உள்ளவர்களும், பாலூட்டும் தாய்மார்கள் முதல் ஆறு மாதங்களிலும். காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் மாத்திரையின் ஆற்றலைக் குறைத்துவிடும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் நீக்க வேண்டும. திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்கோ வீட்டுத் திருமணத்துக்கோ மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை பெரும்பாலும் நாரெதிஸ்டிரோன் 5 மி.கி. இதுவும் ஹார்மோன்தான், ஆனால் அப்படிச் சில நாள் எடுப்பதைக் கருத்தடையாக நம்ப முடியாது. அதனால் வந்த குமட்டலையும் பிந்தைய மிகு உதிரப்போக்கையும் வைத்துக் கருத்தடை மாத்திரை இப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்வதும் சரியன்று. அளவும் சேர்மானமும் வேறு.

சென்ட்குரோமன்

ஹார்மோன் இல்லாத கருத்தடை மாத்திரை ஒன்று இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டது என்பது பலர் அறியாதது. இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் வேதியியலாளர் நித்யா ஆனந்த் தலைமையிலான குழு இதைக் கண்டறிந்தது. இதன் மற்றொரு பெயர் ஆர்மலாக்சிஃபீன். நீண்ட சோதனைகளுக்குப் பின் 1991இல் ‘சகேலி’ (தோழி) என்ற பெயரில் இந்துஸ்தான் லேடக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று அரசு மருத்துவமனைகளில் ‘சாயா’ என்ற பெயரில் இலவசமாகத் தரப்படுகிறது. வடமொழியில் நிழல் என்று பொருள். நம் ஊர்க் காதுக்குத் தேநீர்தான் நினைவுக்கு வரும்.

இம்மருந்து சினைமுட்டை வெளிப்படுவதை நிறுத்துவதில்லை. கருப்பையில் ஈஸ்ட்ரோஜன் செயல்படும் இடங்களை அடைத்து, கரு பதியத் தேவையான அளவு உட்சுவர் தயாராகாமல் செய்கிறது. ஆகவே ‘ஹார்மோன் இல்லாதது’ என்பது சரி. ‘ஹார்மோனோடு தொடர்பே இல்லாதது’ என்பது சரியல்ல. குமட்டல், தலைவலி, எடை கூடுதல் போன்றவை இதில் பொதுவாக இல்லை. பாலூட்டும் தாய்மாரும் எடுக்கலாம்.

30 மி.கி. மாத்திரையை மாதவிலக்கின் முதல் நாளில் தொடங்கி, முதல் மூன்று மாதம் வாரத்திற்கு இருமுறையும், பின்னர் வாரத்திற்கு ஒருமுறையும் எடுக்க வேண்டும். முதல் மாத்திரை ஞாயிறு என்றால் அடுத்தது புதன். நான்காம் மாதம் முதல் ஞாயிறு மட்டும். மருந்து உடலில் பல நாள் தங்குவதால்தான் இந்த இடைவெளி போதுமானதாகிறது. சரியாக எடுப்பவர்களில் ஆண்டுக்கு 100 பேரில் 1 அல்லது 2 பேர் கருத்தரிக்கலாம். தினமும் நேரம் பார்க்க முடியாத, மேலே சொன்ன காய்கறிக் கடைக்காரருக்கு ‘ஞாயிறு மாத்திரை’ பொருந்தக்கூடும். ஒரு வாரத்துக்கும் மேல் மறந்தால் புதிதாகத் தொடங்குவதுபோல் மீண்டும் வாரம் இருமுறையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதிலும் ஒரு தொல்லை உண்டு. சிலருக்கு, குறிப்பாகத் தொடக்க மாதங்களில், மாதவிலக்கு தள்ளிப்போகும். கருத்தடைக்காக மாத்திரை எடுக்கும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போவதை விடப் பதற்றம் தருவது வேறில்லை. முன்கூட்டியே சொல்லப்படாததால் இம்மாத்திரையைக் கைவிடுவோர் உண்டு. 15 நாளுக்கு மேல் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளலாம். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, அண்மையில் மஞ்சள் காமாலை அல்லது கல்லீரல் நோய், சிறுநீரக நோய், காசநோய் உள்ளவர்களுக்கு இது ஏற்றதன்று.

காப்பர்-டி

கருப்பைக்குள் வைக்கப்படும் செம்புக் கம்பி சுற்றிய சிறு சாதனம். செம்பு அயனிகள் விந்தணுவைச் செயலிழக்கச் செய்கின்றன. ஹார்மோன் எதுவும் இல்லை. 380ஏ வகை 10 ஆண்டும், 375 வகை 5 ஆண்டும் பயன்படும். தோல்வி ஆண்டுக்கு 100 பேரில் ஒருவருக்கும் குறைவு. எடுத்த உடனே கருத்தரிக்கும் ஆற்றல் திரும்பிவிடும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளும் பொருத்தலாம்.

நெஞ்சுக்கு ஏறிவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. உண்மையான குறை வேறு: முதல் சில மாதங்களில் மாதவிலக்கு மிகுதியாகவும் வலியோடும் வரும். தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று அதே குடும்ப நல ஆய்வு கூறுகிறது. ஆகவே காப்பர்-டி வைக்குமுன் ஹீமோகுளோபின் பார்ப்பதும், இரும்புச் சத்து மாத்திரை தருவதும் சடங்கல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி. வலி பொறுக்கவில்லை, எடுத்துவிடுங்கள் என்று வரும் பெண்ணை ‘இன்னும் கொஞ்ச நாள் பாரும்மா’ என்று மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்பக் கூடாது. எடுக்கச் சொல்வது அவரது உரிமை.

பாதுகாப்பற்ற உறவுக்குப் பின் ஐந்து நாளுக்குள் பொருத்தினால் காப்பர்-டி அவசரகாலக் கருத்தடையாகவும் பயன்படும். தமிழ்நாட்டில் இது கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. அவசரகால மாத்திரையை மருத்துவர் சீட்டின்றி விற்கச் சட்டத்தில் இடமிருந்தும், இங்குள்ள மருந்துக் கடைகள் பலவற்றில் அது வைக்கப்படுவதில்லை.

ஆணுறை, நாள் கணக்கு, தாய்ப்பால்

ஆணுறை ஒன்றே பால்வினை நோய்களையும் தடுப்பது. ஆனால் அது கணவரின் ஒத்துழைப்பைச் சார்ந்தது. நாள் கணக்கு முறை 26 முதல் 32 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு மட்டுமே உதவும். 8ஆம் நாள் முதல் 19ஆம் நாள் வரை தவிர்க்க வேண்டும். தாய்ப்பால் மட்டுமே இரவும் பகலும் கொடுக்கும், மாதவிலக்கு திரும்பாத தாய்க்கு முதல் ஆறு மாதம் வரை நல்ல பாதுகாப்பு உண்டு. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் வேறு முறை வேண்டும்.

அறுவை சிகிச்சை

தமிழ்நாட்டில் கருத்தடை பற்றிய பேச்சு பழமையானது. 1928இல் சென்னையில் புதிய மால்தூசியன் சங்கம் தொடங்கப்பட்டது. மக்கள்தொகைக்காகவோ வறுமைக்காகவோ அல்லாமல், பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று பெரியார் அக்காலத்திலேயே எழுதினார். 1950களில் சென்னை மாகாண அரசு அறுவை சிகிச்சைக்கு ஊக்கத்தொகை வழங்கத் தொடங்கியது. அன்று அதைப் பெருமளவில் செய்துகொண்டவர்கள் ஆண்கள் என்பதை இன்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நெருக்கடி நிலைக் காலமான 1976–77இல் நாடு முழுவதும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் நடந்தன. அவற்றில் சுமார் 62 இலட்சம் ஆண்களுக்கு, பல இடங்களில் கட்டாயத்தின் பேரில். அதன்பின் எந்த அரசும் ஆண்களை வற்புறுத்தத் துணியவில்லை. சுமை முழுவதும் பெண்கள் பக்கம் சாய்ந்தது. இன்று தமிழ்நாட்டில் ஆண் கருத்தடை 0.1 விழுக்காடு.

பெண் கருத்தடை நிலையானது. மீண்டும் இணைக்கும் சிகிச்சைக்கு உறுதி கிடையாது. இருபதுகளிலேயே செய்துகொள்ளும் பெண் இதை அறிந்து முடிவெடுக்க வேண்டும். அரசு நெறிமுறைப்படி கணவரின் கையொப்பம் தேவையில்லை.

குழந்தை போதும் என்று இருவரும் முடிவு செய்த வீட்டில், எல்லாவற்றிலும் எளிய சிகிச்சை ஆணுக்குச் செய்யப்படும் நவீன வாசக்டமிதான். வயிற்றைத் திறப்பதில்லை, மயக்க மருந்து முழு உடலுக்கும் தருவதில்லை. சில நிமிடங்களில் முடிந்து அன்றே வீடு திரும்பலாம். ஆண்மை குறையும், மூட்டை தூக்க முடியாது என்ற இரண்டு அச்சங்களும் தவறானவை. ஆண்மைக்குரிய ஹார்மோன் இரத்தம் வழியே செல்வது. வெட்டப்படும் குழாய் விந்தணுவுக்கு மட்டுமே உரியது. சுமை தூக்கும் தொழிலாளி ஒரு வாரம் பளுவைத் தவிர்த்தால் போதும். ஆனால் உடனே பலன் கிடைக்காது: மூன்று மாதம் ஆணுறை பயன்படுத்தி, விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று உறுதியான பிறகே மனைவி தன் மாத்திரையை நிறுத்தலாம்.