வாசற்கதவு எந்த நாட்டில் இருக்கிறது?

2021ஆம் ஆண்டு. பெல்ஜியத்தின் எர்கலின் என்ற சிற்றூரில், ஒரு விவசாயியின் டிராக்டருக்கு ஒரு பழைய கல் இடைஞ்சலாக இருந்தது. அதைப் பெயர்த்து, சற்றுத் தள்ளி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

1819ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட அந்தக் கல், பெல்ஜியத்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான எல்லைக்கல்! அது 2.29 மீட்டர் நகர்ந்ததில் பெல்ஜியம் கொஞ்சம் பெருத்தது. பிரான்ஸ் கொஞ்சம் இளைத்தது. வேறு இடமாக இருந்தால் ராணுவம் வந்திருக்கும். இங்கே இரு ஊர் மேயர்களும் சிரித்தார்கள். கல்லைப் பழைய இடத்தில் வைத்துவிடச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

நம் பகாங் மாநிலத்தைவிடச் சிறிய நாடு பெல்ஜியம். டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன் என மூன்று ஆட்சிமொழிகள். சுற்றியிருக்கும் எல்லைகளைச் சிரித்தபடி கடந்துவிடும் இந்த நாடு, தனக்குள்ளே போட்டுக்கொண்ட ஒரு கோட்டை மட்டும் யாரையும் தொட விடுவதில்லை. அது மொழிக்கோடு.

ஊருக்குள் ஊர், நாட்டுக்குள் நாடு

முதலில் வேடிக்கையான எல்லையைப் பார்ப்போம். நெதர்லாந்துக்குள் பார்லே என்றொரு ஊர். அங்கே பெல்ஜியத்துக்குச் சொந்தமான 22 நிலத்துண்டுகள் தீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கின்றன. அந்தத் தீவுகளில் பெரியவற்றின் உள்ளே மறுபடியும் நெதர்லாந்துத் துண்டுகள்! 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பிரபுவும் ஒரு கோமகனும் நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டதில் தொடங்கிய சிக்கல் இது. இரண்டு நிலப்பகுதிகள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு அனைத்துலக நீதிமன்றம் வரை போய், 1959இல் பெல்ஜியத்துக்குச் சாதகமாக முடிந்தது.

எல்லைக்கோடு நடைபாதையிலும், உணவகத்திலும், வீட்டுக் கூடத்திலும் ஓடுகிறது. அப்படியானால் வீடு எந்த நாட்டுக்குச் சொந்தம்? ஊரார் எளிய வழி கண்டார்கள். வாசற்கதவு எந்த நாட்டில் இருக்கிறதோ, வீடும் அந்த நாட்டுக்குத்தான். வாசற்கதவின் நடுவிலேயே எல்லை ஓடும் ஒரு வீட்டுக்கு இரண்டு நாட்டு வீட்டு எண்களும் உண்டு.

முதலாம் உலகப் போரில் பெல்ஜியத்தின் பெரும்பகுதியை ஜெர்மனி பிடித்தது. ஆனால் பார்லேயின் பெல்ஜியத் துண்டுகளுக்குள் அதனால் நுழைய முடியவில்லை. நுழைய வேண்டுமானால் நடுநிலை வகித்த நெதர்லாந்தை மிதித்துத்தான் போக வேண்டும். அந்தச் சிறு துண்டில் பெல்ஜியர்கள் வானொலி நிலையம் அமைத்து எதிரியின் செய்திகளை ஒட்டுக் கேட்டார்கள். 2020இல் கோவிட் வந்தபோது பெல்ஜியம் கடைகளை மூடியது; நெதர்லாந்து மூடவில்லை. எல்லை நடுவே ஓடிய ஒரு துணிக்கடையில் பாதிக்குத் தடுப்பு நாடா, மறு பாதியில் வியாபாரம்!

பெயர் மாறும் சாலைப் பலகை

இனி அந்த உள்கோட்டுக்கு வருவோம். வடக்கே டச்சு பேசும் ஃபிளாண்டர்ஸ், தெற்கே பிரெஞ்சு பேசும் வலோனியா. அதன் கிழக்கு ஓரத்தில் ஜெர்மன் பேசும் ஒன்பது நகராட்சிகள். தலைநகர் பிரசல்ஸ் இருமொழி நகரம். ஆனால் நாலாபுறமும் ஃபிளாண்டர்ஸ் சூழ்ந்த தீவு.

பிரசல்ஸிலிருந்து தெற்கே மோன்ஸ் நகருக்குக் காரில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாண்டர்ஸ் பகுதிக்குள் நுழைந்ததும் பலகைகளில் ‘மோன்ஸ்’ மறைந்து ‘பெர்கன்’ என்ற பெயர் வருகிறது. வழி தவறிவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம். இரண்டும் ஒரே ஊர்தான். இரண்டு பெயருக்குமே மலை என்றுதான் பொருள்!

இந்தக் கோட்டுக்குப் பின்னால் ஓர் ஆறாத காயம் இருக்கிறது. 1830இல் பெல்ஜியம் விடுதலை பெற்றபோது நீதிமன்றம், ராணுவம், பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் பிரெஞ்சு மொழிதான் கோலோச்சியது. மக்களில் பெரும்பான்மையோர் பேசிய டச்சு, குடியானவர் பேச்சு என்று ஒதுக்கப்பட்டது. சட்டங்களின் மொழியாக டச்சு பிரெஞ்சுக்குச் சமமான இடம் பெற 1898 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கெண்ட் பல்கலைக்கழகம் முழுமையாக டச்சு மொழிக்கு மாறியது 1930இல்தான்.

பின்னர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே சண்டைக் களமானது. ஓர் ஊரில் பிரெஞ்சு பேசுவோர் கூடினால் அந்த ஊரின் நிர்வாக மொழியும் மாறக்கூடும். அதனால் 1961இல் கணக்கெடுப்பில் மொழி பற்றிய கேள்வியையே சட்டம் போட்டு நீக்கினார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் மொழி எல்லையையும் நிலையாக வரைந்துவிட்டார்கள். இன்று டச்சு பேசுவோர் ஏறத்தாழ 60 விழுக்காடு என்பதுகூட மதிப்பீடுதான். மும்மொழி நாட்டில் எந்த மொழியை எத்தனை பேர் பேசுகிறார்கள் என்ற அரசுக் கணக்கு கிடையாது!

பிரிந்த நூலகம்

அந்தக் கோட்டின் விலை என்ன? 1425இல் தோன்றிய லூவன் பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள். டச்சு பேசும் ஊரில் பிரெஞ்சுப் பிரிவு எதற்கு என்று மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். 1968இல் அரசாங்கமே கவிழ்ந்தது. பல்கலைக்கழகம் இரண்டானது. பிரெஞ்சுப் பிரிவுக்காகக் கோட்டுக்குத் தெற்கே லூவான்-லா-நூவ் என்ற புதிய நகரத்தையே கட்டினார்கள். நூலகமும் பிரிந்தது. புத்தக வரிசை எண் ஒற்றைப்படையானால் ஒரு பக்கம், இரட்டைப்படையானால் மறு பக்கம்.

அரசியல் கட்சிகளும் பெரும்பாலும் மொழிவாரியாகப் பிரிந்தவை. அதனால் தேர்தல் முடிந்ததும் கூட்டணி அமைப்பது பெரும்பாடு. 2010 ஜூன் தேர்தலுக்குப் பின் புதிய அரசு அமைய 541 நாள்கள் ஆயின. அந்தக் காத்திருப்பில் ‘உருளைக்கிழங்கு வறுவல் புரட்சி’ என்று சொல்லி இளைஞர்கள் தெருவில் இலவசமாக வறுவல் வழங்கினார்கள். நாடு முடங்கவில்லை. இடைக்கால அரசு இயங்கியது. மாநில அரசுகள் தத்தம் வேலையைப் பார்த்தன.

கத்தியின்றி நடக்கும் சண்டை

நம்மில் பலர் இதைக் கேலிக்கூத்தாகப் பார்க்கக்கூடும். ஆனால் இத்தனை ஆண்டுப் பூசலிலும் அங்கே உள்நாட்டுப் போர் மூளவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. அவர்கள் கோபத்தைச் சட்டத்திலும், பேச்சுவார்த்தை மேசையிலும், நூலக அலமாரியிலும் கொட்டினார்கள். நாடு உடையாமல் இருக்க அவர்கள் கொடுக்கும் விலை நேரமும் பணமும்.

மாஸ் ஆற்றின் கதையைச் சொல்லி முடிக்கலாம். ஆற்றின் போக்கை நேராக்கியதில் பெல்ஜியத்தின் சில துண்டுகள் நெதர்லாந்துக் கரையில் ஒட்டிக்கொண்டன. அங்கே குற்றம் நடந்தால் பெல்ஜியப் போலீஸ் படகில் போக வேண்டியிருந்தது. இரு நாடுகளும் பேசி நிலத்தை மாற்றிக்கொண்டன. 2018 ஜனவரி 1 முதல் புதிய எல்லை. பெல்ஜியம் கொடுத்த நிலம் அதிகம், பெற்றது குறைவு. யாரும் சண்டைக்கு வரவில்லை.

1963இல் வரைந்த மொழிக்கோடு மட்டும் போட்ட இடத்திலேயே இருக்கிறது. அதை நகர்த்த எந்த டிராக்டராலும் முடியவில்லை.