வகுப்பறையில் ஒட்டுக்கேட்ட கைக்கடிகாரம்! "உடைத்துப் போடுங்கள்" என்று ஜெர்மனி உத்தரவு

பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் கையில் ஒரு வாட்ச். பார்த்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஆனால் வகுப்பில் டீச்சர் பேசுவது எல்லாம் வீட்டில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்கும்!

ஜெர்மனியில் இது நடந்தது. இந்த வாட்ச்சுகளை விற்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு நவம்பர் மாதம் தடை போட்டு விட்டார்கள்.

இது பற்றிய விவரம் வருமாறு:-

5 வயது முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்காக விற்கப்பட்ட வாட்ச் இது. உள்ளே சிம் கார்டு இருக்கும். பெற்றோர் தங்கள் செல்போனில் இருந்து அதை இயக்கலாம். உடனே வாட்ச், அவர்கள் சொன்ன நம்பருக்குத் தானாகவே போன் போடும். மணி அடிக்காது. கட்டியிருக்கும் பிள்ளைக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது.

பான் நகரில் உள்ள மத்திய தொலைத்தொடர்பு கட்டுப்பாட்டு அலுவலகம் துருவிப் பார்த்தது. பாடம் நடக்கும்போதே சில பெற்றோர் டீச்சர் பேச்சை ஒட்டுக்கேட்டது தெரிய வந்தது.

என்ன குற்றம்?

"பிள்ளை பத்திரமாக இருக்குதான்னு பார்க்கத்தானே வாங்கினோம்?" என்று பெற்றவர்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் டீச்சரும் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையும் என்ன பாவம் செய்தார்கள்? அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

அந்த நாட்டுச் சட்டம் கறாரானது. சாதாரணப் பொருள் மாதிரி காட்டி, உள்ளே ஒட்டுக்கேட்கும் கருவியை ஒளித்து வைத்தால், விற்பது மட்டும் அல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம். இன்னொருவரின் அந்தரங்கப் பேச்சைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது அபராதம். பிள்ளை இருக்கும் இடத்தை மட்டும் காட்டும் வாட்ச்சுக்குத் தடை இல்லை.

பொம்மையும் மாட்டியது

அதே ஆண்டு பிப்ரவரியில் "மை பிரண்ட் கேலா" என்ற பேசும் பொம்மையும் இதே சட்டத்தில் மாட்டியது. குழந்தை பேசுவது இன்டர்நெட் வழியாக வெளியே போகும். புளூடூத்துக்குப் பூட்டு இல்லாததால், பக்கத்தில் நிற்கும் எவனும் தன் போனை அதோடு இணைத்து விடலாம்!

வாட்ச்சை வாங்கியவர்கள் தாங்களே உடைத்துப் போட வேண்டும் என்றும், உடைத்ததற்கு அத்தாட்சி வைத்துக் கொள்ள வேண்டும் என்றும் அலுவலகம் சொல்லி விட்டது. மாணவர்களின் மணிக்கட்டைக் கொஞ்சம் கவனிக்கும்படி பள்ளிக்கூடங்களுக்கும் தகவல் போனது.