கேள்வியில் ஒளிந்திருக்கும் ஒரு சொல்

'நீ கண்ட திருவிழா' பற்றி எழுதி வரச் சொல்கிறார் வாத்தியார். சங்கரன்கோவில் பெண்ணுக்கு இதைவிடச் சுலபமான கேள்வி உண்டா? ஆனால் அவளோ நோட்ஸைப் பிரித்து வைத்துக்கொண்டு, எந்த ஊர் என்றே தெரியாத ஒரு தேரோட்டத்தை எழுதி முடித்துவிடுகிறாள்! 'கண்ட' என்ற சொல்லை அவள் கவனிக்கவேயில்லை. கேள்வியின் உயிரே அதுதான்.

தாய்மார்களே, நீங்களும் வாக்கியம் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். (நம்மில் பலர் செய்கிற காரியம்தான்!) ஆடித் தபசு அன்று எங்கே நின்றாய், என்ன பார்த்தாய் என்று மட்டும் கேளுங்கள். தவமிருந்த கோமதி அம்மனுக்குச் சுவாமி மாலையில் சங்கரநாராயணராகவும், இரவில் சங்கரலிங்கமாகவும் காட்சி கொடுத்ததைச் சொல்வாள். விவசாயிகள் தங்கள் நிலத்துப் பருத்தியையும் மிளகாய் வற்றலையும் சப்பரத்தை நோக்கி வீசினார்களே, அதில் ஒரு வற்றல் தன் பின்னலில் சிக்கிக்கொண்டது என்பாள். முதலில் அந்த வற்றலை எழுதட்டும். தலபுராணம் பின்னால் வரட்டும்.