அக்கா இந்தியர், தம்பி அகதி

போன மாசம் வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க வந்த தம்பி, காவாங்கரை முகாமில் இருப்பவர். புழல் ஏரி பக்கம்; அம்பத்தூருக்கு பைக்கிலேயே வந்துவிடுகிறார். பேச்சில் ஈழத்துச் சாயலே இல்லை, சுத்தமான ரெட்ஹில்ஸ் தமிழ். டீ குடிக்கும்போது சொன்னார்: "நான் இலங்கையப் பாத்ததே இல்லண்ணே. மண்டபம் கேம்ப்புல பொறந்தேன், 89-ல. எங்கக்கா 86."

86 என்றதும் எனக்குப் பொறி தட்டியது. ராத்திரி உட்கார்ந்து சட்டத்தைத் தோண்டினேன்.

1955-ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டம், 3-ஆம் பிரிவு. எங்கள் தொழிலில் எழுதும் இஃப்-எல்ஸ் மாதிரியே இருக்கிறது. 26-1-1950 முதல் 30-6-1987 வரை இந்திய மண்ணில் பிறந்தால் போதும், பெற்றோர் யார் என்ற கேள்வியே இல்லை (தூதரகக் குடும்பங்கள் போன்ற ஓரிரு விலக்குகள் தவிர). 1-7-1987 முதல் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 3-12-2004 முதல் அதுவும் போதாது. ஒருவர் இந்தியர் என்றால் இன்னொருவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது.

இந்தக் குடும்பத்தை அதில் போட்டுப் பாருங்கள். அக்கா பிறப்பால் இந்தியர். அதே தாய், அதே முகாம், மூணு வருஷம் தள்ளிப் பிறந்த தம்பி இலங்கையர். அக்கா வீட்டுக்காரர் 1990-ல் பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவர். அதனால் 2009-ல் சென்னையில் பிறந்த அக்கா மகளுக்கும் கதவு மூடியிருக்கிறது.

அக்கா விஷயம் என் சொந்த வியாக்கியானம் இல்லை. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார்.

கேட் ஏன் இறுகியது? 1985 அசாம் ஒப்பந்தக் காலத்தின் கவலை, வங்கதேசத்திலிருந்து வருபவர்கள் பற்றியது. அங்கே போட்ட பூட்டு மண்டபத்திலும் விழுந்தது. அகதி என்று ஒருவரைத் தனியாகப் பார்க்கும் சட்டமே நம்மிடம் இல்லை. 1951 ஐ.நா. அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. சட்டத்தின் கண்ணில் எல்லோரும் வெறும் அயல்நாட்டார். 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்குக் கதவைத் திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. மதம் அளவுகோலானால், மொழிக்காக அடிபட்டவன் இந்துவாக இருந்தாலும் வெளியேதான்.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மேடையில் தொப்புள்கொடி உறவு என்போம். 2021-ல் 'அகதிகள் முகாம்' பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினோம். நல்லதுதான். ஆனால் குடியுரிமை ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. பெயர்ப்பலகையைத் தாண்டிச் சென்னைக்கு அதிகாரம் இல்லை. அதே 1986-ல் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களைக் கனடா மீனவர்கள் கரைசேர்த்தார்கள். அந்த நாடு அவர்களைத் தங்கவிட்டது. தமிழ் பேசும் நாட்டுக்கு வந்தவர்கள் மட்டும் இன்னும் முகாமில்.

மறுநாள் தம்பியிடம் கேட்டேன், அக்காவுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கா?

"கேம்ப் கார்டுதாண்ணே இருக்கு. அதுல இலங்கைன்னு போட்டிருக்கான்."

மண்டபத்தில் பிறப்புப் பதிவேட்டைத் தேடச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் அக்காவும் அவரும் ராமேஸ்வரம் ரயிலில் போகிறார்கள். முகாமில் அனுமதி வாங்கிக்கொண்டு.