பிடித்தால் போதாது, விடவும் வேண்டும்!

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து மாலை ஆறு மணிக்கு ஆவடி பக்கம் கிளம்பினால், சி.டி.எச். சாலையில் வலது காலுக்கு பிரேக்கை விட்டு எழ நேரமே கிடைக்காது. அதே காரை நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையில் ஏற்றினாலோ, பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் விட்டாலோ கதை வேறு. ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் அழுத்திக்கொண்டே போய், வேலூர் வருவதற்குள் கணுக்கால் மரத்துப்போகும். கார் அக்சஸரீஸ் கடைகளில் இப்போது அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்கு அந்தக் கணுக்கால்தான் காரணம்: “நம்ம வண்டியில க்ரூஸ் கன்ட்ரோல் போட முடியுமா?”

பெரும்பாலான வண்டிகளில் முடியும். கம்பெனிகள் இதை டாப் மாடலுக்கென்று வைத்துக்கொள்வதால், பேஸ் மாடல்காரர்களும் பழைய வண்டிக்காரர்களும் வெளியில் வாங்கிப் பொருத்துகிறார்கள். கருவி வேகத்தைப் பிடிக்கிறதா என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். கேட்ட நொடியில் விடுகிறதா என்பதை அதற்கு முன்பே பார்த்தாக வேண்டும்.

பார்வையற்றவர் கண்டுபிடித்தது

இந்தக் கருவியை உருவாக்கியவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர். ஐந்து வயதில் பார்வையை இழந்தவர். பிற்காலத்தில் பிஸ்டன் ரிங் தயாரிக்கும் பெர்ஃபெக்ட் சர்க்கிள் நிறுவனத்தின் தலைவரானார். இவருடைய வழக்கறிஞர் காரோட்டும்போது பேசினால் வேகம் குறையும். பேச்சைக் கேட்டால் வேகம் கூடும். பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிய எரிச்சலில் பிறந்ததுதான் இந்த யோசனை என்பார்கள். 1950இல் காப்புரிமை கிடைத்தது. 1958இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் கார்களில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அடிப்படை இன்றும் அதுதான். நிர்ணயித்த வேகத்தையும் வண்டியின் உண்மையான வேகத்தையும் கருவி இடைவிடாமல் ஒப்பிடும். மேட்டில் வேகம் இறங்கினால் த்ராட்டிலைக் கொஞ்சம் திறக்கும், ஏறினால் மூடும்.

பொருத்தும் வழிகள்

முதல் வழி, கம்பெனி உதிரிபாகம். ஒரே மாடலின் டாப் வண்டிக்கும் கீழ்நிலை வண்டிக்கும் என்ஜின் கணினி பொதுவாக இருந்தால், அந்த வசதி உள்ளுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். போலோ, வென்ட்டோ வைத்திருப்பவர்கள் பலர் க்ரூஸ் பொத்தான் உள்ள இண்டிகேட்டர் தண்டை வாங்கி மாட்டி, கோடிங் செய்துகொண்டார்கள். சில கார்களில் ஸ்டீயரிங் சுவிட்சையே மாற்ற வேண்டியிருக்கும். அது ஏர்பேக்கைக் கழற்றும் வேலை. பேட்டரி இணைப்பை எடுக்காமல் கைவைக்கக் கூடாது.

இரண்டாவது வழி, தனி கிட். இன்றைய கார்களில் ஆக்சிலரேட்டர் பெடலுக்கும் என்ஜினுக்கும் இடையே கேபிள் கிடையாது. பெடலில் உள்ள சென்சார்கள் இரண்டு தனித்தனி சிக்னல்களை அனுப்பும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கணினி சந்தேகப்பட்டு, வண்டியை இழுவையில்லாமல் தவழவிடும். ஆகவே பெடல் கப்ளருக்கு நடுவே அப்படியே சொருகும் கிட்டாகப் பார்த்து வாங்குங்கள். ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றித் தரும் கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

கேபிள் உள்ள பழைய கார்களில், ஒரு சின்ன மோட்டாரோ என்ஜினின் வெற்றிடத்தால் இயங்கும் கருவியோ கேபிளை இழுத்துப் பிடிக்கும். கேபிள் சிக்கினால் வேகம் இறங்காது என்பதால், இதில் கைதேர்ந்த மெக்கானிக் அவசியம்.

வாங்கும் முன் சோதனை

பிரேக்கை விரலளவு தொட்டாலே க்ரூஸ் விலக வேண்டும். கிளட்ச் மிதித்தாலும் விலக வேண்டும். இல்லையென்றால் இழுவை விடுபட்ட என்ஜின் சீறிக்கொண்டு எகிறும். கிளட்ச் சுவிட்ச் இணைக்காமல் ‘பரவாயில்லை சார்’ என்று சொல்லும் கடையை நம்ப வேண்டாம். பிரேக் விளக்குக்கு எல்இடி பல்பு மாற்றியவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய பாணி கிட்கள் சாதாரண பல்பின் இழை வழியாகத்தான் பிரேக்கை உணரும், எல்இடியில் குழம்பிப்போகும். பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கி, காருக்கு வேண்டிய பாகங்களை 1960களிலிருந்து செய்துவரும் வட்டாரம் இது. பிரேக் சோதனையை விட்டுவிட்டு பில் போடும் கடையை இங்கே யாரும் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

வாரண்டி உள்ள வண்டி என்றால் சர்வீஸ் சென்டரில் எழுத்துபூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தகவல் சொல்லிவிடுவது நல்லது.

எங்கே போடலாம், எங்கே கூடாது?

வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை சுமார் 62 கிலோமீட்டர் நீளம். ஆறுவழி, அகலம், பார்த்தாலே பொத்தானை அழுத்தத் தோன்றும். ஆனால் ஓரத்தில் நிற்கும் கன்டெய்னர் லாரியும், நடுவே நிதானமாக நடக்கும் மாடும் கருவியின் கணக்கில் இல்லை. முன்னால் போகும் வண்டியைப் பார்த்து வேகம் குறைக்க ரேடாரோ கேமராவோ வேண்டும்; கடையில் வாங்கும் சாதாரண கிட்டில் இரண்டும் இல்லை. தாம்பரம்–புழல் பைபாஸில் லாரிகள் நொடிக்கொரு தரம் உள்ளே நுழைவதால், காலே போதும். வடகிழக்குப் பருவமழையில் க்ரூஸைத் தொடவே வேண்டாம். தேங்கிய நீரில் டயர் பிடி இழந்து மிதக்கும் நேரத்தில், வேகத்தைக் காப்பாற்ற முயலும் கருவி ஆபத்தைக் கூட்டும். இதெல்லாம் இல்லாத பகலில், போக்குவரத்து குறைந்த பெங்களூரு சாலையில், பலகையில் எழுதியுள்ள வேகத்துக்குள் வைத்துக்கொண்டால் காலுக்கு ஓய்வு, டீசலும் கொஞ்சம் மிச்சம்.

அடிக்கடி வேலூர், கிருஷ்ணகிரி, பெங்களூரு என்று போய்வருபவர் தாராளமாகப் போடலாம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே மட்டும் ஓட்டுபவர் அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்கிப் போடட்டும்.