உங்களுக்குத் தெரியுமா? காமன் கூத்தும் அழகியல் பாடமும்

இலங்கைப் பாடசாலைகளில் 6 முதல் 9 ஆம் தரம் வரை அழகியல் கட்டாயப் பாடம். சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்பவற்றில் ஒன்றைப் பிள்ளை படிக்க வேண்டும். 10 ஆம் தரத்தில் அது விருப்பப் பாடமாகிவிடும்.

பூண்டுலோயாவைச் சூழ்ந்த மலையகத் தோட்டங்களுக்கோ சொந்த அரங்கே உண்டு: காமன் கூத்து. மாசியில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். தப்பு முழங்க ரதியும் மதனும் லயம் லயமாக ஆடி வருவார்கள். ரதி வேடம் கட்டுபவரும் வழக்கமாக ஆண்தான். கடைசியில் சிவனின் நெற்றிக்கண் திறக்க, மதன் எரிவான். நீண்ட பாட்டுகளைக் கேட்டுக் கேட்டே மனனமாக்கி, தாளம் பிசகாமல் விடியவிடிய ஆடுவது லேசான பயிற்சியா? தப்படிக்கும் பெரியவரை இடைக்கிடை வகுப்புக்கு அழைக்கலாமே. பாடசாலைக்குச் செலவு ஒரு பிளேன்டீதான்.